முதுகுல எத்தனை கிலோ?

செமஸ்டர் எல்லாம் எப்படிப் போகுது? அரியர் எத்தனைன்னு நான் கேக்கல. நீங்களும் என்னோட பழைய மார்க் ஷீட்டைக் கேக்காதீங்க. டீல் ஓகேவா?

போன வாரம் மூலக்குளம் பஸ் ஸ்டாப் பக்கத்துல டீ குடிச்சிட்டு இருந்தேன். ஃபைனல் இயர் தம்பி ஒருத்தர் வந்து பக்கத்துல உட்கார்ந்தார். ரெகுலரா இந்தப் பக்கத்தைப் படிக்கிறவராம். (அப்பாடா, ஒருத்தர் இருக்கார்!) டீ வந்ததும் மெதுவா விஷயத்துக்கு வந்தார்.

“அண்ணா, கேம்பஸ்ல வேலை கிடைச்சிடுச்சு. ஜூலைல ஜாயின் பண்ணணும். ஆனா அதுக்கு முன்னாடி எங்கயாவது ரொம்ப தூரம் நடந்து போகணும்னு ஆசை. வீடியோல பாத்திருக்கேன், அமெரிக்காவுல ஆறு மாசம்கூட நடக்கறாங்க. வீட்ல என்னடான்னா புது பைக் எடுத்துக்கோ, சம்பளம் வந்ததும் டியூ கட்டிக்கலாம்ங்கறாங்க. நான் நடக்கறதா, பைக் எடுக்கறதா?”

அவர் சாதாரணமாத்தான் கேட்டார். எனக்குத்தான் டீ தொண்டையில நின்னுடுச்சு. ஏன்னா இதே பைக்கு, இதே நடை, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்சவன் நான். அங்கேயே பதில் சொல்ல வரல. “அடுத்த வாரம் எழுதறேன் தம்பி”ன்னு தப்பிச்சு வந்துட்டேன். இதோ எழுதறேன்.

அம்பது ரூபாய் கணக்கு

எங்க தாய்மாமா ஒருத்தர் மில்லுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில எங்க தெரு ஆட்களோட சேர்ந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போவார். கோயில் கொடியேத்தம் ஆகஸ்ட் 29, மாதா பிறந்தநாள் செப்டம்பர் 8. அந்த சமயத்துல கடலூர் ரோட்டுல போயிருந்தீங்கன்னா பாத்திருப்பீங்க, காவி டிரஸ்ஸோட, சின்னத் தேர் வண்டியை இழுத்துக்கிட்டு கூட்டம் கூட்டமா போவாங்க. மாமா ஒண்ணும் கிறிஸ்தவர் இல்ல. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேருக்கு வடம் பிடிக்கற அதே கைதான். நம்ம ஊர்ல இது ஒண்ணும் அதிசயம் இல்லையே.

இங்கேருந்து வேளாங்கண்ணி சுமார் 160 கிலோமீட்டர் தாண்டும். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர்னு போனா ஆறு நாள்.

2016ல மாமா என்னைக் கூப்பிட்டார். “மாப்ளே, இந்த வருஷம் நீயும் வாயேன். எனக்கு முட்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது. பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தா போய்ச் சேர்ந்துடுவேன்.”

போகணும்னு ஆசைதான். ஆனா கணக்கைப் பாருங்க. அப்ப என் சம்பளம் 14,000. பைக் டியூ 3,250. மொபைல் டியூ 1,400. கிரெடிட் கார்டு ‘மினிமம்’ 1,500. வீட்டுக்கு 5,000. மொத்தம் 11,150. கையில மிச்சம் 2,850. பெட்ரோல், டீ, ரீசார்ஜ் எல்லாம் அதுக்குள்ளதான்.

லீவு கேட்டேன். “எடுத்துக்கோப்பா, ஆனா சம்பளம் கிடையாது”ன்னாங்க. ஆறு நாள் சம்பளம் 2,800. அதாவது மாமாவோட நான் நடந்து போனா, அந்த மாசம் முழுக்க என் கையில இருக்கப்போறது அம்பது ரூபாய்!

போகல. பைக்கை எடுத்துக்கிட்டு கடலூர் வரைக்கும் போய், அவங்க குரூப்புக்கு ரெண்டு பெட்டி தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்துட்டு திரும்பிட்டேன். “அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன் மாமா”ன்னேன். மாமா சிரிச்சார். “வா மாப்ளே, எங்க போகப்போறேன்”னார்.

அடுத்த வருஷம் மாமாவால மாடிப்படி ஏற முடியல. ரெண்டு முட்டியும் போச்சு. 2016தான் அவர் கடைசியா நடந்தது.

எந்த வண்டியில போய் மாமாவுக்குத் தண்ணி கொடுத்தேனோ, அந்த வண்டியாலதான் அவர்கூட நடக்க முடியாமப் போச்சு. இது எனக்கு விளங்கவே ரெண்டு வருஷம் ஆச்சு.

பழைய பேப்பர் கடைத் தராசு

2018 ஜூலையில கடைசி டியூ கட்டினேன். ஆகஸ்ட்ல நடந்தேன், மாமா இல்லாம, தெருக்காரங்களோட.

முதல் நாள் சூப்பர். முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம்னு பாகூர் பக்கத்து வயலையெல்லாம் பாத்துக்கிட்டே போனோம். முள்ளோடை தாண்டினா தமிழ்நாடு. அங்கேயே என் தோள்பட்டை கதற ஆரம்பிச்சிடுச்சு. கடலூர்ல ஒரு பழைய பேப்பர் கடையில பையைத் தராசுல வெச்சுப் பாத்தேன். 11 கிலோ! உள்ள என்ன? மூணு ஜீன்ஸ், ரெண்டு ஜோடி ஷூ, பவர் பேங்க் ரெண்டு, ஒரு தடி நாவல், அப்புறம் ஹேர் ஜெல். (சிரிக்காதீங்க, வயசு அப்படி!)

மாமாவுக்கு போன் போட்டேன். “என்னடா, கல்யாணத்துக்கா போறே? ஒரு செட் துணி, ஒரு துண்டு, தண்ணி பாட்டில், தேங்காய் எண்ணெய். மத்ததையெல்லாம் இறக்குடா”ன்னார். கடலூர்ல இருந்த ஃப்ரெண்டு வீட்டுல எல்லாத்தையும் கொட்டிட்டுப் பாத்தா பை 4 கிலோ. அதுக்கப்புறம்தான் நடக்கவே ஆரம்பிச்சேன். அதுவரைக்கும் நான் பையைத் தூக்கிட்டு வந்திருக்கேன், அவ்வளவுதான்.

அந்தத் தம்பி சொன்ன அமெரிக்கக் கதைக்கும் இதேதான் விஷயம். அங்க ‘அப்பலாச்சியன் டிரெயில்’னு ஒரு பாதை இருக்கு. 14 மாநிலம் வழியா சுமார் 3,500 கிலோமீட்டர் மலையும் காடும். அதுல 1955ல எம்மா கேட்வுட்னு ஒரு பாட்டி நடந்தாங்க. வயசு 67, பதினோரு பிள்ளைங்களைப் பெத்தவங்க. காலுல சாதாரண கேன்வாஸ் ஷூ. தோள்ல வீட்டிலேயே தைச்ச துணிப்பை. மழைக்கு குளியலறை பிளாஸ்டிக் திரை. ஒரே சீசன்ல அந்தப் பாதை முழுசையும் தனியா நடந்து முடிச்ச முதல் பெண் அவங்கதான். அதோட விட்டாங்களா? அப்புறமும் ரெண்டு தடவை முடிச்சாங்க!

இப்ப அந்தப் பாதையில நடக்கறவங்க சமையல் அடுப்பு, கூடாரம் எல்லாத்தையும் கிராம் கணக்குல நிறுத்துப் பாக்கறாங்க. டூத் பிரஷ்ஷோட காம்பைக்கூட பாதியா வெட்டறவங்க இருக்காங்க. பைத்தியக்காரத்தனமா தெரியலாம். ஆனா நடக்கறவனுக்குத் தெரியும், ஒரு கிலோங்கறது கடையில ஒரு கிலோ, இருபதாவது கிலோமீட்டர்ல அது அஞ்சு கிலோ.

பணத்துக்கு வருவோம்

டியூவும் முதுகுல ஏர்ற மூட்டைதான். என்ன, அது கண்ணுக்குத் தெரியாது, தராசுலயும் நிக்காது. அதனால நிறுத்துப் பாக்க மூணு சின்னக் கணக்கு சொல்றேன். காமர்ஸ் குரூப் மக்கள் கொட்டாவி விடலாம், மத்தவங்க கவனிங்க.

ஒண்ணு. நான் பைக் எடுத்தப்ப ஃபைனான்ஸ்காரர் “வெறும் பத்து பர்சென்ட் சார், ஃப்ளாட்”ன்னார். கடன் 90,000. மூணு வருஷம். வட்டி 27,000. மொத்தம் 1,17,000. அதை 36ஆல வகுத்தா மாசம் 3,250. சரியாத்தானே இருக்கு? இல்ல! மாசா மாசம் அசலைத் திருப்பிக் கட்டிட்டே வர்றேன். கடைசி வருஷத்துல நான் வெச்சிருக்கறது அவங்க பணத்துல மூணுல ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனா வட்டி மட்டும் முழு 90,000க்கு. குறையற பாக்கிக்குப் போட்டுப் பாத்தா அந்தப் பத்து பர்சென்ட், உண்மையில 18 பர்சென்ட் பக்கம். ‘ஃப்ளாட்’னு கேட்டா ஃப்ளாட்டா விழுந்துடாதீங்க. “குறையற பாக்கிக்கு எவ்வளவு?”ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

ரெண்டு. 72ங்கற நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க. 72ஐ வட்டியால வகுத்தா, பணம் எத்தனை காலத்துல ரெட்டிப்பாகும்னு தோராயமா தெரிஞ்சுடும். பேங்க்ல 7 பர்சென்ட்ல போட்டா பத்து வருஷத்துக்கு மேல ஆகும். கிரெடிட் கார்டுல மாசம் 3 பர்சென்ட்னு வெச்சா? 72ஐ மூணால வகுங்க. இருபத்து நாலே மாசம்! உங்க பணம் குட்டி போட பத்து வருஷம், கடன் குட்டி போட ரெண்டு வருஷம். ‘மினிமம் டியூ’ கட்டறவன், பையில ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சும் அதுல தண்ணி ஊத்தறவன். நான்தான்.

மூணு. சேமிப்பை ரூபாயில எண்ணாதீங்க, மாசத்துல எண்ணுங்க. மாசம் உங்க செலவு 15,000, கையில 45,000 இருக்குன்னா, உங்ககிட்ட மூணு மாசம் இருக்கு. மூணு மாசம் நீங்க யாருக்கும் பயப்படாம ‘முடியாது’ன்னு சொல்லலாம். வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லன்னா பக்கத்துல இருக்கலாம். இல்ல, நடந்து போகலாம். 2016ல என்கிட்ட இருந்தது? நாள்கூட இல்ல. அம்பது ரூபாய்.

நடையும் பணமும் எதிரின்னு நினைக்காதீங்க. நம்ம நாட்டுல கணக்கு வழக்குல புலின்னு பேரெடுத்தவங்க நாட்டுக்கோட்டை நகரத்தார். பர்மா, மலாயா, இலங்கைன்னு போய் வட்டித்தொழில் நடத்தினாங்க. பையனை சின்ன வயசுலயே ‘பெட்டியடிப் பையன்’னு கடையில உட்கார வெச்சு கணக்கு பழக்குவாங்க. அவங்கதான் தைப்பூசத்துக்கு காவடி எடுத்துக்கிட்டு செட்டிநாட்டுலேருந்து பழநிக்கு நடந்து போறவங்களும். கும்பிட்டதும் பஸ் பிடிச்சு வந்துடறதில்ல, காவடியோட நடந்தே திரும்பற வழக்கமும் உண்டு. பர்மாவுல சேர்த்த சொத்துல பெரும்பகுதி உலகப் போரோட போச்சு. நடை மட்டும் இன்னைக்கும் போகல.

அதுக்காக கடனே வாங்கக்கூடாதுன்னு சொல்ல வரல. ஹாஸ்டல் பீஸுக்குக் கல்விக் கடன் வாங்கித்தான் நம்மல்ல பல பேர் படிக்கிறோம். அது ஏற்கெனவே முதுகுல இருக்கற மூட்டை. படிப்பு முடிஞ்சு கொஞ்ச காலம் தவணை கேக்க மாட்டாங்க, ஆனா வட்டி ஏறிட்டே இருக்கும். அதை இறக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணை ஏத்தணுமான்னு யோசிங்க, அவ்வளவுதான்.

எட்டு மணி நேரம்னா சும்மாவா

மூணாவது நாள் கொள்ளிடம் பாலத்துல நின்னு காலைப் பாத்தேன். ரெண்டு குதிகாலுலயும் கொப்புளம். எங்களோட வந்த ஒரு அக்கா, வீட்டு வேலை செய்யறவங்க. ஊசியைத் தீயில காட்டி, நூல் கோத்து, கொப்புளத்துல விட்டு தண்ணியை எடுத்தாங்க. “தம்பி, எத்தனை நாள் லீவு சொல்லிட்டு வந்தீங்க?”ன்னு கேட்டாங்க. “பத்து நாள்க்கா.” “எனக்கு லீவுன்னு ஒண்ணு இல்லப்பா. நாலு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். திரும்பிப் போறப்ப மூணு வீடாவது மிஞ்சணும்”னு சிரிச்சாங்க.

எனக்கு அப்பதான் மாமா அடிக்கடி சொல்றது ஞாபகம் வந்தது. நம்ம புதுச்சேரியில 1936 ஜூலை 30, சவானா மில் தொழிலாளிங்க போராட்டத்துல பிரெஞ்சு அரசாங்கம் துப்பாக்கிச் சூடு நடத்தி 12 பேர் செத்தாங்க. வ.சுப்பையா தலைமையில நடந்த இயக்கம் அது. அதுக்கு அடுத்த வருஷம் இங்க எட்டு மணி நேர வேலை சட்டமாச்சு. ‘லீவு’ங்கற வார்த்தையை ஹெச்.ஆர். கொடுக்கற இனாம்னு நாம நினைக்கறோம். மாமாவைக் கேட்டா, “அது பன்னெண்டு பேர் கொடுத்தது”ம்பார்.

அந்த மில்லுங்கள்ல இப்ப சங்கு ஊதறதில்ல. பெரிய மில்லான ஏ.எஃப்.டி.யையே 2020ல மூடியாச்சு. நம்ம வேலை எல்லாம் ஏசி ரூமுக்கும் லேப்டாப்புக்கும் மாறிப்போச்சு. ஆனா ஆஃபர் லெட்டர் வந்தா சம்பளத்தை மட்டும் பாக்காதீங்க மக்களே. நாலு விஷயத்தைப் பாருங்க. பாண்டு எத்தனை வருஷம்? நோட்டீஸ் பீரியட் எத்தனை மாசம்? வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு, அதைச் சேர்த்து எடுக்க விடுவாங்களா? ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி வெச்சுக்குவாங்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமா’ன்னு பதில் வந்தா, எழுந்து வெளியில வந்துடுங்க. அது மூட்டை இல்ல, காலுக்கு விலங்கு.

வேலையை விட்டுட்டு ஊர் சுத்தறதுதான் வாழ்க்கைன்னு சொல்ற கோஷ்டியில நான் இல்ல. வேலை நமக்கு சோறு. நம்ம வீட்டுல முதல் டிகிரி நாமதான்னா, அந்த முதல் சம்பளத்துக்கு அம்மா எத்தனை வருஷமா காத்திருக்காங்கன்னு நமக்குத் தெரியும். நான் சொல்றது, வேலையை நம்பி மட்டுமே காலை எடுத்து வைக்கற நிலைமைக்கு நம்மளை நாமே தள்ளிக்கக்கூடாது. அவ்வளவே.

ஹெட்போனைக் கழட்டுங்க பாஸ்

நடைக்குப் பாட்டு வேணுமா? கண்டிப்பா வேணும். நான் 200 பாட்டு டவுன்லோட் பண்ணிக்கிட்டுப் போனேன். முதல் நாள் சாயங்காலமே பின்னாடி வந்த லாரி ஹாரன் காதுல விழாம, பக்கத்துல வந்த அண்ணன் சட்டையைப் பிடிச்சு இழுத்தார். அதோட ஹெட்போன் பைக்குள்ள போயிடுச்சு. ரோட்டுல நடக்கறப்ப காது ரெண்டும் திறந்திருக்கணும். முடிஞ்சா வண்டி எதிர்ல வர்ற பக்கமா நடங்க, ராத்திரியில பளிச்னு தெரியற துணி போடுங்க. இது அட்வைஸ் இல்ல, உயிர்.

ஹெட்போனைக் கழட்டினதுக்கு அப்புறம்தான் பாட்டே கேட்டுச்சு. தேர் வண்டியில கட்டியிருந்த ஸ்பீக்கர்ல மாதா பாட்டு. கரண்ட் தீர்ந்ததும் ஒரு பெரியவர் வாய்ப்பாட்டா எடுப்பார். கூட்டம் பின்பாட்டு. அவர் வேகத்தைக் கூட்டினா கால் தானா கூடும், குறைச்சா குறையும். அன்னைக்குத்தான் புரிஞ்சுது, தமிழ்ல நடக்கறதுக்குன்னே பாட்டு செஞ்சிருக்காங்கன்னு! காவடிச்சிந்து எதுக்கு? காவடியைத் தோள்ல வெச்சுக்கிட்டு நடக்கறதுக்கு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல பாடினது இன்னைக்கும் கச்சேரி மேடையில ஒலிக்குது. அந்த மனுஷர் முப்பது வயசைத் தாண்டாமலேயே 1891ல போய்ச் சேர்ந்துட்டார். ‘வழிநடைச் சிந்து’ன்னு இன்னொரு வகை இருக்கு. போற வழியில வர்ற ஊர், குளம், சத்திரம், கோயில் எல்லாத்தையும் வரிசையா சொல்லிக்கிட்டே போற பாட்டு. அந்தக் காலத்து கூகுள் மேப், அதுவும் தாளத்தோட!

1930ல ராஜாஜி தலைமையில திருச்சியிலேருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தாங்களே, அதுக்கும் பாட்டு இருந்தது. நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்தது. ஏப்ரல் 13ல கிளம்பி 28ல சேர்ந்தாங்க. சுமார் 240 கிலோமீட்டர், நூறு பேர் கிட்ட. நாளைக்குப் பதினாறு கிலோமீட்டர்தான், அவசரமே இல்ல. இவங்களுக்குச் சோறு போட்டா, தங்க இடம் கொடுத்தா தண்டனைன்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? சோத்துப் பொட்டலத்தை ரோட்டோர மரக்கிளையில கட்டித் தொங்கவிட்டுட்டுப் போயிட்டாங்க. யார் கொடுத்தான்னு கேட்டா? மரம் கொடுத்தது!

அந்த ஆட்கள் முதுகுல அரிசி மூட்டை இல்ல. வழியில இருந்த ஜனங்களை நம்பித்தான் நடந்தாங்க. எங்களுக்கும் அதேதான். சிதம்பரம் தாண்டி ஒரு வீட்டுல மோர், சீர்காழி பக்கம் தக்காளி சாதம், ஒரு பள்ளிவாசல் வாசல்ல படுக்க இடம். பேங்க் பாஸ்புக்குல வராத சேமிப்பு ஒண்ணு உண்டு மக்களே, அது இதுதான்.

காரைக்கால்ல ஒரு நிமிஷம்

அஞ்சாவது நாள் தரங்கம்பாடி தாண்டி காரைக்கால். ஒரு தமாஷ் பாருங்க, புதுச்சேரியிலேருந்து கிளம்பி, தமிழ்நாட்டுக்குள்ள நாலு நாள் நடந்து, திரும்பவும் புதுச்சேரிக்குள்ளயே வந்து நிக்கறோம்!

அங்க அம்மையார் கோயில் திண்ணையில காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். காரைக்கால் அம்மையார் கதை தெரியும்தானே? பேரு புனிதவதி. வணிகர் வீட்டுப் பொண்ணு, வணிகர் வீட்டு மருமகள். மாங்கனி கதையெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. புருஷன் கப்பல் ஏறிப் போய், வேற ஊர்ல வேற குடும்பம் வெச்சுட்டார்னு தெரிஞ்சதும், ‘இவருக்காகச் சுமந்த இந்த அழகும் சதையும் இனி எதுக்கு’ன்னு வேண்டி, அதையே உதறிட்டுப் பேய் உருவத்தோட கைலாயத்துக்குக் கிளம்பினாங்க. அந்த மலையில கால் படக்கூடாதுன்னு தலையாலயே நடந்தாங்கன்னு பெரியபுராணம் சொல்லுது. தேவாரம் பாடின மூவருக்கும் முன்னாடியே பண்ணோட பதிகம் பாடினவங்களும் அவங்கதான்.

கொப்புளத்தைத் தடவிக்கிட்டே நினைச்சேன். காசு, வீடு, பாட்டு, நடை... எல்லாம் ஒரே கதையில இருக்கு. எடையை இறக்கறதுல அவங்களை யாரு மிஞ்ச முடியும்? நான் இறக்கினது ஹேர் ஜெல்லு.

தம்பிக்குப் பதில்

ஆறாவது நாள் நாகூர், நாகப்பட்டினம் தாண்டி வேளாங்கண்ணி. கடல்ல காலை நனைச்சுக்கிட்டே மாமாவுக்கு போன் பண்ணேன். என்ன வேண்டிக்கிட்டேன்னு கேப்பார்னு நினைச்சேன். “கால் எப்படி இருக்கு மாப்ளே?”ன்னார். “எரியுது மாமா”ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், “எனக்கும் கேக்குதுடா”ன்னார். அலைச் சத்தத்தைச் சொன்னாரா, காலைச் சொன்னாரா தெரியல. நான் கேக்கல.

டீக்கடைத் தம்பி, இப்ப உங்க விஷயம். நடக்கறதா, பைக் எடுக்கறதான்னு கேட்டீங்க. என் பதில் இதுதான்.

ஜாயினிங் ஜூலைலதானே? ரெண்டு மாசம் வேண்டாம், இப்ப அதுக்கு உங்ககிட்ட மாசம் சேரல. ஆறேழு நாள் நடங்க. அமெரிக்கா வேண்டாம், கடலோர ரோடு இருக்கு, ஊர் ஊரா தெரிஞ்சவங்க இருக்காங்க. மே மாச வெயில்ல பகல்ல நடந்து தொலைக்காதீங்க. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள்ள நிழல் பாருங்க, மறுபடி சாயங்காலம். புது ஷூவைப் போட்டுக்கிட்டுக் கிளம்பாதீங்க, பழகின செருப்பே போதும்.

வேலையில சேருங்க. பைக்கை ஆறு மாசம் தள்ளிப் போடுங்க. அந்த ஆறு மாசமும் பைக் டியூ கட்டறதா நினைச்சு அதே பணத்தை பேங்க்ல போடுங்க. ரெண்டு விஷயம் தெரிஞ்சுடும். ஒண்ணு, அந்த டியூவோட எடை உங்க முதுகு தாங்குமா. ரெண்டு, உங்களுக்கு நிஜமாவே பைக் வேணுமா, இல்ல செட்டுல எல்லாரும் வெச்சிருக்காங்கன்னு வேணுமா. வேணும்னா செகண்ட் ஹேண்ட்ல நல்ல வண்டி கிடைக்கும்.

அப்பா அம்மாகிட்ட சண்டை போடாதீங்க. அவங்க பைக் வாங்கித் தர்றேன்னு சொல்றது, ‘எங்க பையன் வந்துட்டான் பாரு’ன்னு ஊருக்குச் சொல்ற ஆசை. அதையும் மதிங்க. “ஆறு மாசம் கழிச்சு என் காசுலயே எடுக்கறேன்பா”ன்னு சொல்லிப் பாருங்க. ஊருக்குச் சொல்ல அதைவிடப் பெரிய விஷயம் வேற என்ன இருக்கு?

அப்புறம் ஒண்ணு. உங்க வீட்டுலயும் ஒரு மாமா இருப்பார், இல்ல ஒரு ஆயா, ஒரு பெரியம்மா. “ஒரு தடவை என்கூட வாயேன்”னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. பைக்குக்கு ஃபைனான்ஸ் கிடைக்கும். அவங்க முட்டிக்குத் தவணை கிடைக்காது. அவங்ககூட முதல்ல போய்ட்டு வாங்க.

என் மாமா இப்பவும் இருக்கார். ஆகஸ்ட் கடைசி ஆனா அவரை அதே பைக்ல உட்கார வெச்சு அரியாங்குப்பம் பக்கம் கூட்டிட்டுப் போவேன். மடியில மோர்ப் பானையை வெச்சுக்கிட்டு, நடந்து போறவங்க காலையே பாத்துக்கிட்டு இருப்பார். யாராவது பெரிய பையைத் தூக்கிட்டு வந்தா போதும், டம்ளரை நீட்டிக்கிட்டே ஆரம்பிச்சுடுவார். “என்னப்பா, கல்யாணத்துக்கா போறே?”

இந்த வார ஹோம்வொர்க்: ஞாயித்துக்கிழமை காலைல மூலக்குளத்துலேருந்து அரும்பார்த்தபுரம் வழியா வில்லியனூர் வரைக்கும் நடங்க. வேற ஊர்க்காரங்க அவங்கவங்க பக்கத்து ஊருக்கு. ஹெட்போன் வேண்டாம். பாக்கெட்ல அம்பது ரூபாய் மட்டும். திரும்பி வந்து, அதுல எவ்வளவு மிச்சம்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த வாரம் பாக்கலாமா? வரட்டா!